நீல அட்டை யாருக்கு உரியது?

சட்டமும் நாமும்



சென்ற இதழில் வாடகை வீட்டு உடன்படிக்கைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியை இவ்விதழில் எழுதுவதாகவும் வாக்களித்திருந்தேன். ஆனால் கடந்த தேர்த்திருவிழா அன்று நமது ஆலய வளவில் நடந்த ஒரு சம்பவம் வேறொரு விடயத்தை முதலில் எழுத வைத்துவிட்டது. அச்சம்பவத்தில் பிழை விட்டவர் வேறு எவருமல்லர். இப்பத்தியை எழுதும் நானேதான். ஆகவே, யாரையோ சாடை காட்டி எழுதுகிறேன் என்று எவரும் மனவருத்தம் கொள்ளத் தேவையில்லை.

அன்று காலை அன்னதானத்துக்கான மரக்கறிப் பெட்டிகளும் இரண்டு பெரிய கிடாரங்களும் எனது காரில் இருந்தன. நான் வந்து சேர்ந்தபோது வாகனத் தரிப்பிடம் நிரம்பி விட்டது. வாசலுக்கு அருகே சக்கர நாற்காலி அடையாளம் இடப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. "சுவாமி காரியம்தானே, பத்து நிமிட வேலைதானே" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு காரை அதிலே நிறுத்தினேன். கிடாரங்களை இறக்கிய கையோடு, தேருக்கு வடம் பொருத்துகிற இடத்தில் ஒருவர் கூப்பிட்டார். அங்கிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். நான் காரை எடுக்க வந்தபோது முக்கால் மணித்தியாலம் கழிந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் மறந்து போனேன்.

இரவு ஒரு அங்கத்தவரின் வீட்டுக்கு வேறொரு அலுவலாகத் தொலைபேசி எடுத்தேன். "உங்களைத் தேரடியில் காணவில்லையே, அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டேன். "வந்தனாங்கள் அண்ணை. ரெண்டு இடத்திலயும் கார் நிண்டது. மூண்டு தரம் சுத்திப் பார்த்தம். றோட்டில விட்டால் அம்மாவை அவ்வளவு தூரம் கொண்டு வரேலாது. காருக்குள்ள இருந்தபடியே தேர் முடியைக் கண்டு கும்பிட்டிட்டா. திரும்பி வந்திட்டம்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. எந்த நேரம் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன நேரத்தில் அந்த இரண்டு கார்களில் ஒன்று என்னுடையது.

அந்த அம்மாவுக்கு வயது எண்பத்து நான்கு. வருடம் முழுவதும் வீட்டுக்குள் இருப்பவர். தேர் அன்று மட்டும் பட்டுச் சேலை உடுத்து வெளிக்கிடுவார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழுந்து லாச்சியைத் திறந்து, என் மாமியாருடைய நீல அட்டையோடு வந்த விதிப் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து வாசித்தேன். அதைப் பல வருடங்களாக வீட்டில் வைத்திருந்தும் முழுதாக வாசித்திராத வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதில் அறிந்தவற்றையும் பின்னர் விசாரித்து அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

சட்டம் பிறந்த கதை

இந்நாட்டில் நடக்க இயலாதவர்களுக்கு வாகனத் தரிப்பில் சலுகை வழங்கும் ஏற்பாடு, 1970ஆம் ஆண்டு நிறைவேறிய நாட்பட்ட நோயாளர், அங்கவீனர் சட்டத்தின் 21ஆம் பிரிவிலிருந்து பிறந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் மான்செஸ்டர் விதென்ஷோ தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஆல்ஃப் மொரிஸ். முதலாம் உலகப் போரில் காயமுற்றுப் பிணியாளராகத் திரும்பிய தந்தையைக் கண்டு வளர்ந்தவர் அவர். அரசாங்கத்தின் மசோதாவாக அல்லாமல், தனி உறுப்பினர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார். பொதுத் தேர்தலுக்காகப் பாராளுமன்றம் கலையும் தறுவாயில், 1970 மே 29ஆந் திகதி அதற்கு அரச ஒப்புதல் கிடைத்தது. சற்றுத் தாமதித்திருந்தால் அந்த மசோதா அப்படியே மடிந்திருக்கும். 1974இல் அவரே இந்நாட்டின் முதலாவது அங்கவீனர் நல அமைச்சராகவும் ஆனார்.

1971இல் செம்மஞ்சள் நிற அட்டை வழக்கத்துக்கு வந்தது. நம்மிற் சிலர் எழுபதுகளில் இங்கு வந்தபோது கார்க் கண்ணாடிகளில் கண்டது அதனைத்தான். 2000ஆம் ஆண்டு தொடக்கம், ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான மாதிரியைப் பின்பற்றி, அது நீல அட்டையாயிற்று. புளூ பாட்ஜ் என்று நாம் சொல்வது இதனையே. "அங்கவீனர்" என்ற சொல் இன்று பலருக்கு உவப்பாயில்லை. மாற்றுத் திறனாளி என்கிறோம். பழைய சட்டத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டுமே அச்சொல்லை இங்கு ஆண்டேன்.

யாருக்குக் கிடைக்கும்?

இங்கிலாந்தின் நடைமுறையைச் சொல்கிறேன். சிலருக்கு மேலதிக விசாரணை இன்றியே அட்டை கிடைக்கும். பார்வையற்றவராகப் பதிவு செய்யப்பட்டோர், டி.எல்.ஏ. எனப்படும் உதவிப்பணத்தில் நடமாட்டத்துக்குரிய உயர்ந்த வீதத்தைப் பெறுவோர், பி.ஐ.பி. உதவிப்பணத்தில் நடமாடும் ஆற்றலுக்குரிய கேள்வியில் 8 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றோர் ஆகியோர் இவர்களுட் சிலர். 8 புள்ளி என்பது, சுமாராகச் சொன்னால், 50 மீற்றருக்கு மேல் நடக்க இயலாத நிலை.

நம்மவர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓய்வூதிய வயதைக் கடந்தபின் உடல் தளர்ந்த முதியோர் பெறுவது அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் எனும் உதவிப்பணம். அதில் நடமாட்டத்துக்கென ஒரு பகுதி கிடையாது. எனவே அதைப் பெறுவதால் மட்டும் நீல அட்டை தானாக வந்துவிடாது. "அம்மாவுக்குத்தான் அலவன்ஸ் கிடைக்கிறதே, அட்டையை ஏன் மறுத்தார்கள்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. காரணம் இதுவே. ஆனால் இதைக் கேட்டு மனந்தளர வேண்டாம். நடக்கவே இயலாதவர்களும், நிலையான குறைபாட்டால் நடப்பதில் மிகுந்த இடர்ப்படுவோரும் தனியாக விண்ணப்பிக்கலாம். கவுன்சில் அவர்களது நிலையைப் பரிசீலித்து முடிவு செய்யும்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆந் திகதி முதல் இங்கிலாந்தில் இன்னுமொரு மாற்றம் வந்தது. வெளிக்குத் தெரியாத குறைபாடு உடையோரும் அட்டை பெறலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை, மறதி நோய்க்கு ஆளான முதியவர், வீட்டை விட்டு வெளியே செல்லும்போது கடும் மனக்கலக்கம் அடைவோர் ஆகியோருக்கு இது பொருந்தக்கூடும். இதை நாம் நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி அடையாளம் இட்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு இளம் தாயும் ஓடித் திரிகிற ஒரு சிறுவனும் இறங்கினால், "நல்லா நடக்கினம்தானே, பிறகேன் இந்த இடம்?" என்று முணுமுணுப்பது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அட்டை இருந்தால் அதற்கு மேல் ஆராய நமக்கு உரிமையில்லை. அந்தத் தாய் எவ்வளவு பாடுபட்டு அந்தப் பிள்ளையைச் சந்நிதானம் வரை கொண்டுவந்தார் என்பது நமக்குத் தெரியாது.

எப்படி விண்ணப்பிப்பது?

அரசாங்க இணையத்தளம் வழியாகவோ கவுன்சில் அலுவலகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். அண்மையிற் பிடித்த படம், ஆளையும் முகவரியையும் உறுதிப்படுத்தும் பத்திரங்கள், உதவிப்பணம் பெறுபவராயின் அதற்குரிய கடிதம் ஆகியன வேண்டும். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுணுக்கு மேற்படாது. ஸ்கொட்லாந்தில் 20 பவுண் வரை கேட்கலாம். வேல்ஸில் இலவசம். அட்டை பொதுவாக மூன்று வருடங்கள் செல்லுபடியாகும். அது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. தவணை முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரப் பன்னிரண்டு வாரங்கள்கூடச் செல்லலாம்.

குடும்ப வைத்தியரின் கடிதம் ஒன்று இருந்தாற் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது போதாது. முடிவு செய்வது கவுன்சில். வேண்டுமானால் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் போன்ற ஒருவரைக் கொண்டு நடையைப் பரிசோதிப்பார்கள். இந்தப் பரிசோதனையில்தான் நமது முதியோர் பலர் தோற்றுப் போகிறார்கள். ஏனென்றால் அவர்கள் மானஸ்தர்கள்.

என் மாமியாரின் கதையைச் சொல்கிறேன். அவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். ஊரிலே இருந்த காலத்தில் செல்வச்சந்நிதிக்கு வெறுங்காலோடு நடந்து போனவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்த பின்னரும் அட்டைக்கு விண்ணப்பிக்க அவர் உடன்படவில்லை. "தம்பி, எனக்கு உது வேண்டாம். சந்நிதிக்கு நடந்து போன கால். உந்த அட்டையைக் காரில வைச்சால் சனம் என்னை நொண்டியெண்டெல்லோ நினைக்கும்" என்றார். ஒரு வருடம் இப்படியே போயிற்று. அந்த ஒரு வருடமும் அவர் வைத்தியசாலையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. பிறகு என் மனைவி ஒரு நாள், "அம்மா, அட்டை உங்கட காலுக்கு இல்லை, கோயிலுக்குப் போறதுக்கு" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த பெண்மணி, எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "ஏன், நல்லா நடப்பன்" என்று மாமியார் பொல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார். நான் என்ன செய்வது? "அம்மா சொல்வது அதுதான். ஆனால் தயவுசெய்து நடக்கச் சொல்லிப் பாருங்கள்" என்று அந்தப் பெண்மணியிடம் கூறினேன். பதினைந்து அடி வைப்பதற்குள் இரண்டு தரம் சுவரைப் பிடித்தார். அட்டை கிடைத்தது.

இதனால் நான் சொல்ல விரும்புவது, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்பதே. எத்தனை அடி நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் நின்று இளைப்பாற வேண்டும், நோ எங்கே, மூச்சு வாங்குகிறதா, விழுந்திருக்கிறாரா, நல்ல நாள் எப்படி, கெட்ட நாள் எப்படி என்பனவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம். மானத்துக்காகக் குறைத்தும் சொல்ல வேண்டாம். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தைக் கவுன்சில் தெரிவிக்க வேண்டும். அக்காரணத்தைப் படித்து, தவறு இருந்தால் மீளாய்வு செய்யும்படி எழுதிக் கேட்கலாம்.

எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது?

வீதியோரத்தில் அட்டையாளர்களுக்கென ஒதுக்கிய இடங்களில், பலகையில் வேறு நிபந்தனை இல்லாவிட்டால், நேர வரையறையின்றி நிறுத்தலாம். வீதியோரக் கட்டணத் தரிப்பிடங்களிலும் பொதுவாகப் பணம் செலுத்தாமல் நிறுத்தலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒற்றை மஞ்சட் கோட்டிலோ இரட்டை மஞ்சட் கோட்டிலோ மூன்று மணித்தியாலம் வரை நிறுத்தலாம். ஆனால் அங்கே பொருள் ஏற்றி இறக்கத் தடை இருக்கக் கூடாது. நடைபாதை விளிம்பில் குறுக்காகச் சிறு மஞ்சட் கோடுகள் இருந்தால் அது அத்தடைக்குரிய அடையாளம். மஞ்சட் கோட்டில் நிறுத்தும்போது, அட்டையோடு தரப்படும் நீல நிற மணிக்கூட்டு அட்டையில் வந்த நேரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். மூன்று மணித்தியாலம் முடிந்து போனால் ஒரு மணித்தியாலம் கழியும்வரை அதே வீதியில் திரும்ப அவ்வாறு நிறுத்த முடியாது.

பஸ் பாதை இயங்கும் நேரங்களில் அதிலே நிறுத்தக் கூடாது. பாதசாரிக் கடவையின் வளைகோடுகளிலும், பாடசாலை வாசலில் நிறுத்தாதே என்று எழுதிய இடத்திலும், லண்டனின் சிவப்புக் கோட்டு வீதிகளிலும், தனிப்பலகை அனுமதித்தாலன்றி நிறுத்தக் கூடாது. லண்டன் நகர மத்தியில் சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் செல்சி ஆகிய பகுதிகளிலும் கம்டனின் ஒரு பகுதியிலும் இத்திட்டம் முழுமையாகச் செல்லாது. அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே போகுமுன் அந்தந்தக் கவுன்சிலின் விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அட்டையை வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சக்கர நாற்காலிச் சின்னமும் முடிவுத் திகதியும் உள்ள பக்கம் மேலே தெரிய வேண்டும். படமும் பெயரும் உள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டுத் தண்டப்பணம் கட்டியவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் கவுன்சில் ஒரு தரிப்பிடம் போட்டுத் தந்தால் அது நமக்கே சொந்தம் என்று எண்ணுவோரும் உண்டு. பொதுவாக அப்படியல்ல. அட்டை உள்ள எவரும் அங்கே நிறுத்தலாம். அயலவரோடு இதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அட்டை ஆளுக்கு, காருக்கு அல்ல

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

நீல அட்டை ஒரு காருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு ஆளுக்கு வழங்கப்படுகிறது. அந்த ஆள் கார் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. மகனுடைய காரிலோ, அயலவருடைய காரிலோ, டாக்ஸியிலோ போகும்போதும் அதைக் கொண்டுபோய்ப் பாவிக்கலாம். ஆனால் அந்த ஆள் அந்தப் பயணத்தில் இருக்க வேண்டும். அல்லது அவரை ஓரிடத்தில் இறக்கவோ ஏற்றவோ அங்கே வாகனத்தை நிறுத்த வேண்டிய தேவை இருக்க வேண்டும். அம்மா வீட்டில் படுத்திருக்க, மகன் அவருடைய அட்டையை வைத்துவிட்டுச் சாமான் வாங்கப் போவது குற்றம். அம்மாவைக் காருக்குள் இருத்திவிட்டு, மகன் மட்டும் இறங்கித் தன் அலுவலைப் பார்த்து வருவதும் அச்சலுகையின் நோக்கத்துக்கு மாறானது. காலஞ்சென்றவரின் அட்டையை வைத்திருந்து பாவிப்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. அந்தத்துயரத்தினிடையே யாருக்கும் நினைவு வராது என்பது உண்மைதான். ஆயினும் அந்தியேட்டி முடிந்த கையோடு அட்டையைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

தவறாகப் பாவித்தால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாகனத் தரிப்புக் குற்றத்துக்கான தண்டம் அதற்கு மேலதிகம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் கவுன்சில் உத்தியோகத்தர்களுக்கு அட்டையைப் பரிசோதிக்கவும், தவறாகப் பாவிக்கப்படுவதாகக் கண்டால் அவ்விடத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளவும் அதிகாரம் தந்தது. அவர்கள் சீருடையில்தான் வருவார்கள் என்றில்லை. பொலிசாரோ அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரோ கேட்டால் அட்டையைக் காட்ட வேண்டும்; மறுப்பதும் குற்றமே.

ஆனால் தண்டப்பணத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. மகன் செய்யும் பிழையால் அட்டை பறிபோனால், அடுத்த நாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கப் போவது மகன் அல்ல, தாய். அவர் கையெழுத்து வைத்துப் பெற்ற அட்டை அது. கவுன்சிலோடு கடிதப் போக்குவரத்து முடியும்வரை வைத்தியரிடமும் போக முடியாமல், கோயிலுக்கும் போக முடியாமல் இருக்கப் போகிறவர் அவரே. மேலும், வீதியில் அந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், யாரோ ஒரு வீட்டின் தாய் மூன்று தரம் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறார். அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நமது வளவில் யார் காவல்?

இனி நமது ஆலயத்துக்கு வருவோம். நீல அட்டைத் திட்டம் பொது வீதிகளுக்கு உரியது. கடைத்தெரு வளவுகள், வைத்தியசாலை வளவுகள், மண்டபங்கள், ஆலயங்கள் போன்ற தனியார் நிலங்களில் அத்திட்டம் நேரடியாகச் செல்லாது. பேரங்காடி ஒன்றில் அட்டையின்றி நிறுத்தினால் வரும் கடிதம்கூட அரசாங்கத்தின் தண்டம் அன்று. அறிவித்தற் பலகையில் உள்ள நிபந்தனையை மீறியதற்காக அந்த நிறுவனம் கேட்கும் கட்டணம். அட்டை இருந்தாலும் அங்கே காசு கட்ட வேண்டியிருக்கலாம். ஆகவே பலகையை வாசிப்பது அவசியம்.

எனினும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். வழிபாட்டுத் தலங்களும் அதற்கு விலக்கல்ல. இயலாதவர்கள் மற்றவர்களைப் போல வந்து போகக்கூடியதாக நியாயமான ஒழுங்குகளைச் செய்ய வேண்டியது நமது கடமை. வாசலுக்கு அருகே அந்த இரண்டு இடங்களையும் நிர்வாக சபை ஒதுக்கியது இந்தக் கடமையின் பாற்பட்டதே.

அவ்விடங்களுக்குப் பக்கத்தில் சாய்கோடுகள் வரைந்த ஒடுங்கிய நிலம் இருக்கிறது. அது வீணாகக் கிடக்கும் நிலம் என்று நானும் நினைத்திருந்தேன். இந்நாட்டில் இப்படியான தரிப்பிடம் ஒன்றுக்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும், அதற்கு மேலாகப் பக்கத்திலும் பின்னாலும் 1.2 மீற்றர் இடைவெளியும் விடுவது முறை. கார்க் கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியை விரித்து, ஆளைத் தாங்கி இறக்குவதற்கான இடம் அது. அங்கே ஒரு செருப்புக் குவியலோ, ஒரு பூக்கூடையோ, ஒரு கிடாரமோ இருந்தாற் போதும், தரிப்பிடம் வெறுமையாக இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தைக் காப்பதற்கு நமது வளவுக்குள் கவுன்சில் உத்தியோகத்தர் வரப் போவதில்லை. பூட்டுப் போடவோ, தண்டம் எழுதவோ யாரும் இல்லை. ஆகையால் அந்த இரண்டு அடையாளங்களையும் நாமாகவே மதித்தால்தான் உண்டு. வீதியிலே தண்டத்துக்குப் பயந்து சட்டத்தை மதிக்கும் நாம், சுவாமி வாசலில் மட்டும் "பத்து நிமிடம்தானே" என்கிறோம். நான் சொன்னேன். என் பத்து நிமிடம் முக்கால் மணித்தியாலமாயிற்று.

நிர்வாக சபைக்கு மூன்று வேண்டுகோள்களை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். திருவிழா நாட்களில் அவ்விடங்களில் ஒரு தொண்டர் நிற்க வேண்டும். முதல் ஆளாக நானே நிற்கச் சித்தமாயிருக்கிறேன். சாய்கோட்டு நிலத்தில் காலணி வைப்பதும் பொருள் இறக்குவதும் நிறுத்தப்பட வேண்டும். மடைப்பள்ளிச் சாமான்களைப் பின்வாசலால் இறக்கலாம். நடக்க இயலாதவர்களை அழைத்து வருவோர் முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்தால் அவர்களுக்கென இடம் பிடித்து வைக்கும் ஒழுங்கு ஒன்று செய்யப்பட வேண்டும். இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்கு விபூதிப் பிரசாதத்தோடு போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, "அதுக்கென்ன தம்பி, தெரியாமல் செய்ததுதானே. அடுத்த வருசத் தேர் பார்ப்பம்" என்றார். எண்பத்து நான்கு வயதில் அடுத்த வருடம் என்று அவர் சொன்னது என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நான் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவரை அழைத்து வருவதாக மகளோடு பேசி வைத்திருக்கிறேன். அன்று மாலை வாசலோரத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அன்பர்கள் மனம் வைப்பீர்களாக.

விண்ணப்பப் படிவங்களை நிரப்பவும், பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளராக வரவும் உதவி வேண்டுவோர் வெள்ளிப் பூசையின் பின் என்னைச் சந்திக்கலாம். வாடகை உடன்படிக்கை பற்றிய மீதியை அடுத்த இதழில் நிச்சயம் எழுதுவேன்.